கனடா மகளிர் ரக்பி: 2025 பருவத்தின் முதல் மாதங்களை எப்படிப் படிப்பது?

பனிப்பாதை (மிசிசாகா) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். 2025 செப்டம்பர் 27 அன்று லண்டன் ட்விக்கன்ஹாம் அரங்கில் நடந்த மகளிர் உலகக் கோப்பை இறுதியாட்டம்தான் நான் தொடக்கம் முதல் முடிவு வரை எழுந்திருக்காமல் பார்த்த முதல் ரக்பி ஆட்டம். அன்று அரங்கில் 81,885 பேர் இருந்தார்கள். கனடா 13-33 என்று இங்கிலாந்திடம் தோற்றது. தோல்வி மனத்தை வருத்தினாலும் அந்த அணி என்னை விட்டபாடில்லை. மறுநாளே அரையிறுதியைத் தேடிப் பார்த்தேன். பிறகு காலிறுதி, பிறகு குழு ஆட்டங்கள் என்று பின்னோக்கி நடந்து, இப்போது அந்த ஆண்டின் தொடக்க மாதங்களில் வந்து நிற்கிறேன்.

அங்கேதான் எனக்குக் குழப்பம் ஏற்படுகிறது. கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகள் மோதும் பசிபிக் நால்வர் தொடரில் மே 2 அன்று கான்சஸ் சிட்டியில் அமெரிக்காவை 26-14 என்றும், மே 23 அன்று பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவை 45-7 என்றும் கனடா வென்றிருக்கிறது. இடையில் மே 17 அன்று கிறைஸ்ட்சர்ச்சில் நியூசிலாந்துடன் 27-27 என்று சமன் செய்திருக்கிறது. ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. ஆயினும் கோப்பை நியூசிலாந்துக்குப் போயிருக்கிறது. அந்த வாரங்களில் எழுதப்பட்டவற்றைப் படித்தால், சிலர் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று வருந்துகிறார்கள். சிலர் இந்த அணி உலகக் கோப்பைக்குத் தயார் என்கிறார்கள்.

நீண்ட காலமாக இந்த அணியைப் பின்தொடர்பவர்களிடம் கேட்க விரும்புகிறேன். அந்த ஏப்ரல், மே மாதங்களை இன்று திரும்பிப் பார்க்கும்போது உங்களுக்கு என்ன தெரிகிறது? இன்னொரு சிறிய கேள்வியும் உண்டு: கனடாவில் ரக்பி பருவம் எப்போது தொடங்குகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு மாதத்தைச் சொல்கிறார்களே, ஏன்?

---

தீவுவாசி (விக்டோரியா, பிரிட்டிஷ் கொலம்பியா):

சிறிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டில் ரக்பி பருவத்தைத் தீர்மானிப்பது பனிதான். நான் இருக்கும் மேற்குக் கரையில் குளிர்காலம் என்றால் பெரும்பாலும் மழை; ஆகவே இங்கே கழக ஆட்டங்கள் செப்டம்பரில் தொடங்கி, கிறிஸ்துமஸ் சமயத்தில் இளைப்பாறி, மறுபடி தொடங்கி வசந்தத்தில் முடிகின்றன. ஒன்டாரியோவிலும் புல்வெளி மாகாணங்களிலும் அந்த மாதங்களில் மைதானம் பனிக்கு அடியில் கிடக்கும் என்பதால் அங்குள்ள கழகங்கள் மே மாதத்தில் தொடங்கிக் கோடை முழுவதும் ஆடுகின்றன. பல்கலைக்கழகப் பெண்கள் அணிகளுக்கு இலையுதிர்காலம்தான் பருவம். தேசிய மகளிர் அணிக்கோ, கடந்த சில ஆண்டுகளாக, ஏப்ரலில் அல்லது மே தொடக்கத்தில் வரும் பசிபிக் நால்வர் தொடரே ஆண்டின் வாசற்படி. உங்களிடம் வெவ்வேறு மாதங்களைச் சொன்னவர்கள் அனைவரும் தத்தம் ஊரைப் பொறுத்தவரை சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

இனி பெரிய கேள்வி. 2025 மே மாதத்தைப் புரிந்துகொள்ள ஓராண்டு பின்னால் போக வேண்டும். 2024 மே 19 அன்று அதே கிறைஸ்ட்சர்ச் நகரில் கனடா 22-19 என்று நியூசிலாந்தை வென்றது. ஆறு முறை உலகக் கோப்பையை வென்ற நியூசிலாந்து மகளிர் அணியைக் கனடா வீழ்த்தியது அதுவே முதல் முறை. அந்த ஆண்டின் தொடர் கோப்பையும் நமக்கே வந்தது. அப்போது அணித் தலைவியாக இருந்தவர் சோஃபி டி கோட். இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் கோத்து நின்று பந்துக்காகத் தள்ளிக்கொள்ளும் ஸ்க்ரமில் தோள் கொடுக்கும் அவரே கோலுக்கும் உதைப்பார். ரக்பியில் இந்த இரண்டு வேலையையும் ஒருவரே செய்வது மிக அரிது. அடுத்த மாதமே பயிற்சியின்போது அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது. பாரிஸ் ஒலிம்பிக், அந்த ஆண்டு இலையுதிர்கால ஆட்டங்கள், நீங்கள் கேட்கும் 2025 வசந்தத் தொடர் ஆகிய மூன்றையும் அவர் இழந்தார்.

ஆகவே நான் இதைத் தயக்கமின்றிச் சொல்வேன்: 2024 கிறைஸ்ட்சர்ச் வெற்றியைவிட 2025 கிறைஸ்ட்சர்ச் சமன் பெரியது. முதலாவதை ஒரு மகத்தான வீராங்கனையின் நாள் என்று யாராவது சொன்னால் மறுப்பது கடினம். இரண்டாவதில் அவர் களத்தில் இல்லை. முந்தைய ஆண்டு சொந்த மண்ணில் பட்ட அவமானத்தை நியூசிலாந்து மறந்திருக்கவும் இல்லை. அப்படிப்பட்ட எதிரணியின் முன், அதே ஊரில், அலெக்ஸ் டெசியே தலைமையில் எண்பது நிமிடமும் ஈடுகொடுத்து நின்றதை நான் மறுநாள் காலையில் பதிவாகப் பார்த்தேன். முடிவு எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் கடைசிப் பத்து நிமிடம் நாற்காலியின் விளிம்பில்தான் இருந்தேன்.

கான்சஸ் சிட்டி ஆட்டத்தில் 12 புள்ளி வித்தியாசம்தானா என்று அத்தனை கடுமையாக எடைபோட வேண்டாம். நம் வீராங்கனைகளில் பலருக்கு ஊதியம் தரும் கழகங்கள் இங்கிலாந்திலும் பிரான்சிலும் இருக்கின்றன. உலகக் கோப்பை ஆண்டு என்பதால் இங்கிலாந்தின் கழகத் தொடர் அந்த முறை மார்ச் மாதத்திலேயே முடிந்துவிட்டது. வெவ்வேறு பயிற்சியாளர்களிடம் வெவ்வேறு சைகைச் சொற்களைப் பழகியவர்கள் ஓரிடத்தில் கூடி, சில வாரங்களுக்குள் ஒரே அணியாக மூச்சுவிட வேண்டும். முதல் ஆட்டத்தில் பந்து கைநழுவுவதும், வெளியே போன பந்தை ஓரக்கோட்டிலிருந்து எறிந்து மறுபடி தொடங்கும் லைன்-அவுட்டில் எறிபவரும் எகிறுபவரும் அரை நொடி தவறுவதும் எந்த நாட்டு அணிக்கும் நேர்வதுதான்.

உங்களைப் போல நானும் பின்னோக்கி ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வசந்தத்தில் சந்தித்த மூன்று எதிரணிகளையும் கனடா அதே ஆண்டில் மறுபடி சந்தித்தது. அமெரிக்காவை மே மாதம் 12 புள்ளி வித்தியாசத்தில் வென்ற அணி, ஆகஸ்ட் 1 அன்று ஒட்டாவாவில் 42-10 என்று 32 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. நியூசிலாந்துடன் மே மாதம் வித்தியாசமே இல்லை; செப்டம்பர் 19 அன்று பிரிஸ்டல் அரையிறுதியில் 34-19. ஆஸ்திரேலியாவை மே மாதம் 45-7 என்று வென்றது, காலிறுதியில் 46-5. இந்தக் கடைசி இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்கு மாத இடைவெளியில், வேறொரு கண்டத்தில், தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய ஆட்டத்தில், ஏறத்தாழ அதே முடிவு. பிரிஸ்பேன் வெற்றி தற்செயலாகக் கிடைத்ததன்று என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

---

குறிஞ்சி (ஒட்டாவா புறநகர்):

தீவுவாசி ஐயா எழுதியவற்றோடு, பள்ளி மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்க்கும் ஒரு தாயாக நானும் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

ஒன்டாரியோவில் உயர்நிலைப் பள்ளி ரக்பியின் பருவம் வசந்தம். மார்ச் விடுமுறை முடிந்ததும் பயிற்சியைத் தொடங்குவார்கள். ஜூன் தொடக்கத்தில் எல்லாம் முடிந்துவிடும். என் மகள் பத்தாம் வகுப்பில் சேர்ந்தபோது முதல் இரண்டு வாரமும் உடற்பயிற்சிக் கூடத்தின் மரத்தரையில்தான் பயிற்சி, ஏனென்றால் வெளியே புல்தரை பனி உருகி ஊறிப்போய்க் கிடந்தது. முதல் ஆட்டத்துக்கு முந்தைய இரவு பல்காப்பைக் கொதிநீரில் அரை நிமிடம் போட்டெடுத்து, அது சூடு தணிவதற்குள் அவள் கடித்து, கன்னத்தை உள்ளே உறிஞ்சி, பல்லின் வடிவம் பதியும்வரை பேசாமல் அடுப்படியில் நின்றாள். எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும் பிள்ளை அந்த அரை நிமிடம் மௌனமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. எனக்கு உள்ளூரப் பயமாகத்தான் இருந்தது.

அந்தப் பயத்துக்கு எங்கள் ஊரில் ஒரு பெயர் உண்டு. ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற பதினேழு வயது மாணவி ஒட்டாவாவில் தம் பள்ளி ரக்பி அணிக்குத் தலைவியாக இருந்தார். 2013 மே மாதத்தில், ஒரு வாரத்துக்குள் மீண்டும் மீண்டும் தலையில் அடிபட்டும் தொடர்ந்து ஆடியதால் இறந்துபோனார். அவருடைய பெற்றோரின் விடாமுயற்சியால் 2018இல் ஒன்டாரியோவில் ரோவன் சட்டம் வந்தது. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் எழுந்தாலே பிள்ளையை ஆட்டத்திலிருந்து எடுத்துவிட வேண்டும், மருத்துவர் அனுமதிக்கும்வரை மறுபடி இறக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் அதற்கான விளக்கத்தைப் பெற்றோரும் பிள்ளையும் படித்து ஒப்புக்கொள்ள வேண்டும். கனடாவில் ரக்பியின் ஆரம்ப மாதங்கள் என்று யார் பேசினாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தாளும், அதில் நான் கையெழுத்திடும்போது என் மகள் தன் பெயரையும் பக்கத்தில் எழுதும் காட்சியும்தான். அந்தத் தாள் இருப்பதால்தான் அவளை நான் விளையாட அனுப்புகிறேன்.

2025 வசந்தத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அந்த ஆண்டு தொடக்கத்தில் கனடா ரக்பி அமைப்பு, உலகக் கோப்பைத் தயாரிப்புச் செலவுக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டியது. பத்து லட்சம் டாலர் இலக்கு. உலகத் தரவரிசையில் இரண்டாம் இடத்துக்கு ஏறிய ஓர் அணி, தன்னைப் போட்டிக்கு ஆயத்தப்படுத்திக்கொள்ள ஊர்மக்களிடம் கையேந்த வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அதே சமயம், என் மகளின் அணிப் பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து, பத்து என்று சேர்த்து அனுப்பியதை நினைத்தால் மனம் குளிர்கிறது. கிறைஸ்ட்சர்ச் ஆட்டத்தை அந்தப் பிள்ளைகள் எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒன்றாகக் கூடிப் பார்த்தார்கள். அவர்கள் சமன் என்றும் தோல்வி என்றும் பேசவில்லை. "நம்ம அணி, நம்ம காசு" என்று ஒருத்தி சொன்னாள், மற்றவர்கள் கைதட்டினார்கள்.

ஆகஸ்ட் 1 அன்று ஒட்டாவா டிடி பிளேஸ் அரங்கில் நடந்த வழியனுப்பு ஆட்டத்துக்கு நாங்கள் போயிருந்தோம். தீவுவாசி ஐயா 42-10 என்று ஒரு வரியில் கடந்துவிட்டார். எங்களுக்கு அது அந்தக் கோடையின் மிகப் பெரிய நாள். மே மாதத்தில் தொலைக்காட்சியில் பார்த்த அதே ஆட்டக்காரர்கள் ஆட்டம் முடிந்த பின் கம்பி வேலியருகே வந்து நின்று, பிள்ளைகளின் சட்டையிலும் பந்திலும் கையெழுத்திட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருவரின் முழங்கையில் புல்லின் பச்சைக்கறையும் அதற்கு மேல் சிறு இரத்தக் கோடும் இருந்தன. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

சோஃபி டி கோட் பற்றி என் மகள் சொல்லச் சொன்ன ஒரு செய்தியும் இருக்கிறது. அவருடைய தாயார் ஸ்டெஃபனி ஒயிட் 1987இல் கனடாவின் முதல் மகளிர் தேசிய அணிக்குத் தலைவி. தந்தை ஹான்ஸ் டி கோட் அதே 1987இல் நடந்த முதல் ஆண்கள் உலகக் கோப்பையில் கனடா அணியின் தலைவர்.

---

முன்வரிசை (மொன்றியல்):

மேலே எழுதிய இருவரின் அன்பையும் மதிக்கிறேன். ஆனால் பனிப்பாதை கேட்டது, அந்த மாதங்களில் என்ன தெரிகிறது என்பது. எனக்குத் தெரிவது கொஞ்சம் வேறு. முடிவை அறிந்துகொண்டு பின்னோக்கி நடப்பவருக்கு வழியில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் கைகாட்டிக் கல்லாகவே தெரியும். நானும் அந்த ஆபத்தில் இருக்கிறேன் என்பதை உணர்ந்தே எழுதுகிறேன்.

தீவுவாசியின் கணக்கு அழகானது, சரியானதும்கூட. வசந்தத்தில் சந்தித்த மூவரையும் மறுபடி சந்தித்து மூவரிடமும் மேம்பட்டது கனடா. சந்திக்காத ஒருவர் இருந்தார். இங்கிலாந்து. 2022 உலகக் கோப்பை இறுதியில் தோற்ற பிறகு வேறெங்கும் தோற்காமல் வந்துகொண்டிருந்த அணி அது. 2024 அக்டோபர் 12 அன்று வான்கூவர் பிசி பிளேஸ் அரங்கில் கனடா அவர்களிடம் 12-21 என்று தோற்றது. அதற்கடுத்த சந்திப்பே ட்விக்கன்ஹாம் இறுதியாட்டம்தான். இடையில் பதினொன்றரை மாதம்.

இது ஏன் முக்கியம் என்பதை, விளையாடிய காலத்தில் ஸ்க்ரமின் முதல் வரிசையில் கழுத்தைத் தேய்த்துக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன். கனடாவின் ஆட்டம் வேகத்தில் நிற்கிறது. பந்தோடு ஒருவர் கீழே விழுந்ததும் இரு பக்கத்தவரும் பந்துக்கு மேல் நின்று முட்டிக்கொள்வார்களே, அந்த ரக்கிலிருந்து பந்தை உடனடியாக வெளியே எடுத்து, எதிரணி தன் தடுப்புக் கோட்டை ஒழுங்குபடுத்துமுன் அடுத்த தாக்குதலைத் தொடங்குவது. பயிற்சியாளர் கெவின் ருவே இதைப் பல ஆண்டுகளாகச் செதுக்கியிருக்கிறார். ரக்கிலிருந்து பந்தை எடுத்துக் கொடுக்கும் ஜஸ்டின் பெல்லெத்தியே அதன் பின்னால் வந்து சேரும் வேகத்தைப் பார்த்தாலே போதும். நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் திறந்த வெளியில் ஓடி ஆட விரும்பும் அணிகள். அவர்களோடு மோதும்போது கனடாவின் வேகத்துக்கு இடம் கிடைக்கிறது. அரையிறுதியில் இடைவேளைக்குள் 24-7 என்று முன்னேற முடிந்தது அதனால்தான்.

இங்கிலாந்து அந்த இடத்தைத் தருவதில்லை. ஸ்க்ரமில் அழுத்தி, எதிரணியின் விதிமீறலுக்காகக் கிடைக்கும் உதையான பெனால்டியை வாங்கும். அதை மைதானத்தின் மூலைக்கு உதைக்கும். அங்கே லைன்-அவுட்டில் பந்தைப் பிடித்ததும் எட்டுப் பேர் ஒருவரையொருவர் இறுகப் பற்றிக்கொண்டு, பந்தை நடுவில் மறைத்து, ஒரே பெரிய விலங்கைப் போல அடிமேல் அடியாக நகர்வார்கள். மால் என்று சொல்லப்படுவது இதுதான். இதை எதிர்கொள்ளும்போது உங்கள் வேகம் எதற்கும் உதவாது; பந்தே உங்களிடம் இல்லை. இறுதியாட்டத்தில் முதல் ட்ரையை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்துப் புள்ளி பெறுவதை) வைத்தது கனடாவின் ஏசியா ஹோகன்-ராச்செஸ்டர். பாரிஸ் ஒலிம்பிக்கில் எழுவர் ரக்பியில் வெள்ளி வென்ற அணியில் இருந்தவர். கனடாவின் இரண்டாவது ட்ரையும் அவருடையதே. இங்கிலாந்து ஐந்து ட்ரை வைத்தது. அவற்றில் எல்லி கில்டன் தனியாக ஓடி வைத்த ஒன்றைத் தவிர மற்ற நான்கும் ஸ்க்ரமில் தள்ளும் எட்டுப் பேரில் இருப்பவர்கள் வைத்தவை. ஆட்டத்தின் கதை அந்த நான்கில் இருக்கிறது.

இப்போது 2025 ஏப்ரல், மே மாதங்களுக்கு வருவோம். 45-7 என்ற வெற்றி நம் ஸ்க்ரமும் மால் தடுப்பும் இங்கிலாந்தைத் தாங்குமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடிய எதிரணி அந்தத் தொடரில் இல்லை. ஜூலையில் தென்னாப்பிரிக்காவுக்குப் போய் இரண்டு ஆட்டம் ஆடியதை நான் இதற்கான தேடலாகவே பார்க்கிறேன், ஏனென்றால் கனமான முன்வரிசையோடு மோதிப் பழக அதைவிட நல்ல இடம் குறைவு. அதில் 50-20, 33-5 என்று இரண்டையும் வென்றார்கள். ஆனாலும் தென்னாப்பிரிக்காவின் மால் வேறு, இங்கிலாந்தின் மால் வேறு.

இதை எழுதுவதால் அந்த அணியைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2014இல் பாரிஸில் நடந்த இறுதியிலும் நாம் இதே இங்கிலாந்திடம் 9-21 என்று தோற்றோம். இரண்டாம் முறை இறுதிக்கு வரப் பதினோரு ஆண்டு ஆயிற்று. அந்தப் பதினோரு ஆண்டும் இந்த அணிக்காகக் காத்திருந்தவன் நான். அதனால்தான் சமன் ஆன ஆட்டத்தைக் கொண்டாடுவதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

---

தீவுவாசி:

முன்வரிசை சொல்வது நியாயம். இங்கிலாந்தைப் பற்றிய பகுதியை நான் எழுதியிருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் வேறுபடுகிறேன். டி கோட் இல்லாத அந்த ஓராண்டில் வேறு பலர் பொறுப்பேற்கக் கற்றார்கள். டெசியே தலைமையில் அணி அந்த வசந்தம் முழுவதும் தோற்கவில்லை. டி கோட் உலகக் கோப்பைக்கு முன் குணமாகித் திரும்பியபோதும் தலைமை டெசியேயிடமே இருந்தது. டி கோட் அந்த ஆண்டின் உலகச் சிறந்த வீராங்கனையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தலைமைப் பாரம் இல்லாத தோளோடு அவர் அந்த உயரத்தைத் தொட முடிந்ததற்கு ஏப்ரல், மே மாதங்கள் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். மே மாதம் ஸ்க்ரமைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பது உண்மை; அணியின் நெஞ்சுரத்தைப் பற்றி நிறையச் சொன்னது.

ஃபிஜிக்கு எதிரான முதல் குழு ஆட்டத்தையும் பனிப்பாதை பார்த்திருப்பார். மாற்று வீராங்கனையாக இறங்கிய ஜூலியா ஷெல் ஆறு ட்ரை வைத்தார். மாற்று வரிசையில் அப்படி ஒருவரை உட்கார வைத்திருக்க ஓர் அணிக்கு எத்தனை மாதத் தேடல் தேவைப்பட்டிருக்கும்!

---

பனிப்பாதை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்றிரவு கிறைஸ்ட்சர்ச் ஆட்டத்தை மறுபடி போட்டேன். இந்த முறை புள்ளிகளைப் பார்க்கவில்லை. முன்வரிசை சொன்ன ரக்கை மட்டும் பார்த்தேன். கனடாவின் கையில் பந்து இருந்து ஒருவர் விழும்போதெல்லாம் என் மகனும் நானும் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணினோம். பலமுறை மூன்றைச் சொல்லி முடிப்பதற்குள் பந்து வெளியே போய்விட்டது. முதல் தடவை பார்த்தபோது இது என் கண்ணில் படவே இல்லை. பந்து போகும் திசையிலேயே பார்வை ஓடிவிடுகிறது.

குறிஞ்சி அக்கா, நீங்கள் எழுதிய பல்காப்பையும் ரோவன் சட்டத்தையும் என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். எங்கள் மகள் அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போகிறாள். அவளுக்கும் ரக்பியில் சேர ஆசை. தலையில் அடிபட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் நேரிலும் சொல்லித் தருகிறார்களா, அல்லது தாளோடு முடிந்துவிடுகிறதா என்று சொல்ல முடியுமா?

---

குறிஞ்சி:

தம்பி, எங்கள் பள்ளியில் பயிற்சியாளர் முதல் நாளே தரையில் உட்கார வைத்துச் சொல்லித் தருகிறார். டேக்கிள் செய்யும்போது, அதாவது பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்தும்போது, தலை எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதைத்தான் முதல் வாரம் முழுவதும், பந்தே இல்லாமல், முழங்காலிட்டு நின்று பழகுகிறார்கள்: கண் திறந்திருக்க வேண்டும், தோள் முதலில் படவேண்டும், தலை எதிரியின் உடலுக்குப் பின்புறமாகப் போக வேண்டும். தோழிக்கு அடிபட்டது போலத் தோன்றினால் அவள் மறுத்தாலும் பயிற்சியாளரிடம் சொல்லிவிட வேண்டும் என்பதையும் சொல்கிறார். எல்லாப் பள்ளியிலும் இப்படித்தான் நடக்கும் என்று கருதிவிட வேண்டாம். மார்ச் விடுமுறைக்கு முன்பே போய்ப் பயிற்சியாளரை ஒருமுறை பார்த்துப் பேசுங்கள். பல்காப்பு இரண்டாக வாங்குங்கள். முதலாவதைச் சரியாகக் கடிக்க வராது.